ஐட்லிங் நிலைக்கவே மாட்டேன் என்கிறது, சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது

சால்வின் கரை (மோல்மேன்):

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 125 சிசி, கிளட்ச் பிடி இல்லாமல் காலால் மட்டும் கியர் மாற்றுகிற வகை, பர்மாவில் வீட்டுக்கு ஒன்று நிற்குமே அதுதான். கார்ப்பரேட்டர் வண்டி, இன்ஜெக்‌ஷன் இல்லை.

காலையில் சோக் போட்டு மிதித்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. சோக்கை எடுத்ததும் கொஞ்ச நேரம் திணறிவிட்டு அணைந்துவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாகப் பிடித்தபடியே இருந்தால் ஓடும், கையை எடுத்தால் போச்சு. ஆனால் ரோட்டில் ஏறிவிட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாலத்தில் ஏறி மொத்தமா ஊர் வரைக்கும் ஜம்மென்று போகிறது, இழுவை எல்லாம் பழையபடிதான், அக்கரையில் இறங்கி மார்க்கெட் முனையில் பிரேக் பிடிக்கிறேன், அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னால் முறுக்கு டின் கட்டியிருக்கும், பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான், நான் கிக்கரை உதைத்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். கார்ப்பரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் கழுவி மாட்டினார்கள், ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் ஓடுகிற வேகத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை நன்றாக ஏற்றியும் வைத்தார்கள். அதற்குப் பிறகு வேறு தலைவலி. சூடானதும் இரைச்சல் ஏறி நிற்கிறது, இறங்கி வரவே நேரம் ஆகிறது, நியூட்ரலிலிருந்து முதல் கியர் போட்டால் டக்கென்று வண்டி முன்னால் குதிக்கிறது. காலையில் மட்டும் பழைய கதையேதான், சோக்கை எடுத்தால் அணைகிறது. போதாக்குறைக்கு வேகத்தில் ஆக்ஸிலேட்டரை மூடினால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது.

புது பிளக் போட்டாயிற்று. ஏர் பில்டர் மாற்றியாயிற்று. மழை ஆரம்பித்த பிறகுதான் இதெல்லாம் தொடங்கியது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. கார்ப்பரேட்டரையே மாற்றிவிடலாமா, அல்லது சரி செய்ய வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சும்மா வந்தவன்:

தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள். சைனா கார்ப்பரேட்டர் என்ன பெரிய விலையா? இதற்கெல்லாம் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தால் முறுக்கு நமுத்துப்போகும்.


பெகு பட்டறை:

தம்பி, மாற்றாதே. பொறு. நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்கிறாய். சோக் என்ன செய்கிறது? காற்றை அடைத்து பெட்ரோலைக் கூட்டித் தருகிறது. அப்படிக் கூட்டிக் கொடுத்தால்தான் ஓடுகிறது என்றால் ஐட்லிங்கில் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ வேண்டாத காற்று நுழைகிறது. இரண்டில் ஒன்று. ஆக்ஸிலேட்டரை மூடும்போது சைலன்சரில் வெடிப்பதும் இதே கட்சிதான். பெட்ரோல் அதிகமாகி அணைகிற வண்டி இப்படி நடக்காது. அது சோக் போட்டால் இன்னும் மோசமாகும், பிளக் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும், புகை வரும். உன் புது பிளக்கைக் கழற்றிப் பார், வெளுத்துப்போய் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, ரோட்டில் ஏன் நன்றாக ஓடுகிறது? ஐட்லிங்குக்குத் தனி வழி, ஓட்டத்துக்குத் தனி வழி. வண்டி ஓடும்போது பெட்ரோல் பெரிய ஜெட் (துளை போட்ட பித்தளைத் திருகு) வழியாக, ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசி வழியாக வருகிறது. ஆக்ஸிலேட்டரை மூடியதும் அந்த வழி ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது ஸ்லோ ஜெட் ஒன்றுதான் கதி. பைலட் ஜெட் என்றும் சொல்வார்கள். அதில் 35 என்று நம்பர் போட்டிருந்தால் துளை சுமார் 0.35 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். தலைமுடியை விட நாலைந்து மடங்கு பருமன், அவ்வளவுதான். அதில் ஒரு தூசி உட்கார்ந்தாலும், ஒரு பொட்டுத் தண்ணீர் உட்கார்ந்தாலும் உன் கதைதான் நடக்கும். பெரிய ஜெட்டின் துளை அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், உறிஞ்சுகிற பலமும் அதிகம், அதனால் தண்ணீர் வந்தாலும் இழுத்துத் துப்பிவிடும். சின்னத் துளையில் தண்ணீர்ப் பொட்டு அடைத்துக்கொண்டு நிற்கும், ஐட்லிங்கின் உறிஞ்சலுக்கு அது அசையாது.

மழைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்கிறாய். பெட்ரோல் எங்கே போடுகிறாய், பங்க்கிலா, ரோட்டோரம் பாட்டிலிலா? பாட்டிலில் என்றால் சம்பந்தம் உண்டு. மோல்மேன் மழை எப்படி என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம். பாட்டிலின் மூடி சரியாக இருக்காது, புனல் நனைந்தே கிடக்கும், அதே புனலில் ஊற்றுவார்கள். தண்ணீர் பெட்ரோலை விடக் கனம், டேங்க் அடியில் போய்ப் படுக்கும், அங்கிருந்து கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்குகிற கிண்ணத்துக்கு வரும்.

முதலில் எதையும் கழற்றாதே. கிண்ணத்தின் அடியில் வடிகால் ஸ்க்ரூ இருக்கும், கண்ணாடி கிளாஸ் ஒன்றை அடியில் பிடித்து அதைத் தளர்த்தி உள்ளே இருக்கிறதை முழுக்க வடித்துவிடு. கிளாஸை அப்படியே ஓர் இடத்தில் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பார். அடியில் உருண்டை உருண்டையாக ஏதாவது ஓடினால் அது தண்ணீர். வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

பட்டறையில் கழுவினார்கள் என்றாய். கழுவியிருப்பார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெட்ரோலில் முக்கிப் பிரஷால் தேய்த்தால் வெளியே பளபளப்பு வரும், 0.35 துளைக்குள் பிரஷ் போகாது. ஸ்லோ ஜெட்டைத் திருகிக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும், நடுவில் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும், பிறை மாதிரி தெரிந்தால் பாதி அடைப்பு. பக்கவாட்டிலும் பொடித் துளைகள் இருக்கும், அதையும் பார். குத்துவதற்கு ஊசி, கிதார் கம்பி எதையும் எடுத்துவிடாதே, பித்தளை மெத்து, துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் டியூனிங் நிற்காது. கரண்ட் ஒயருக்குள் இருக்கும் செம்பு இழையில் ஒன்றே ஒன்று, அல்லது நைலான் பிரஷ் மயிர். அதற்கு மேல் கார்ப் கிளீனர் ஸ்பிரே, அப்புறம் காற்று.

ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றி வைத்தது மருந்து இல்லை. ஆக்ஸிலேட்டர் ஏற்றி இறக்குகிற ஸ்லைடைத் தூக்கிப் பிடித்து ஓட்ட வழியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் திருடிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் சூடானதும் இரைகிறது. உன் வண்டி மாதிரியில் கிளட்ச் இன்ஜின் வேகத்தில் தானே பிடிக்கிற கிளட்ச், ஐட்லிங் அதிகமானால் நிற்கும்போதே பாதி பிடித்துக்கொண்டிருக்கும். கியர் போட்டால் குதிக்கத்தான் செய்யும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் கிளட்ச் ஷூ தேயும். நாளைக்கே இறக்கு.


மாண்டலே பார்ட்ஸ் கடை:

பெகு அண்ணன் சொன்னது சரி. கடையில் உட்கார்ந்திருக்கிறவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன், வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை. புது கார்ப்பரேட்டர் மாற்றினால் தீரும் என்று வாங்கிப் போகிறவர்களில் நிறையப் பேர் திரும்பி வருகிறார்கள். டேங்கில் தண்ணீர் இருக்கும்போது புதுசு போட்டால் அதுவும் சீக்கிரமே பழசாகிவிடும். இன்னொரு விஷயம், நகல் கார்ப்பரேட்டரில் ஜெட் மேல் அடித்திருக்கும் நம்பரை அப்படியே நம்ப முடியாது. ஒரே நம்பர் போட்ட இரண்டு ஜெட்டைப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். வண்டியோடு வந்த கார்ப்பரேட்டர் உடையாமல் இருக்கிறவரைக்கும் அதைத்தான் சுத்தம் செய்து ஓட்ட வேண்டும், உள்ளே போகிற ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கிண்ணத்து பேக்கிங், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற ஃப்ளோட் ஊசி இவை சேர்ந்த ரிப்பேர் கிட் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

கிண்ணத்தைக் கழற்றும்போது உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. கார்ப்பரேட்டர் உடம்பு துத்தநாகக் கலவை, தண்ணீர் நின்றால் வெள்ளையாகப் பூக்கும். பித்தளை ஜெட் என்றால் பச்சை. அந்த வெள்ளைப் பொடி மணல் மாதிரி உதிர்ந்து உதிர்ந்து ஜெட்டுக்குத்தான் போகும், கிண்ணத்தைச் சுரண்டிச் சுத்தமாக எடுக்காவிட்டால் மறுபடியும் அடைக்கும்.

ஐட்லிங்கில் பெட்ரோல், காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றினால் அதன் நுனியில் ஸ்பிரிங், குட்டி வாஷர், குட்டி ஓ-ரிங் மூன்றும் இருக்கும். ஓ-ரிங் பெரும்பாலும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், தெரியாமல் கிளீனர் ஸ்பிரே அடித்தால் பறந்து போய்விடும், பிறகு தரையெல்லாம் தேடினாலும் கிடைக்காது. அது இல்லாமல் மாட்டினால் அந்த வழியாகவே காற்று இழுத்து ஐட்லிங் நிற்காது. பட்டறையில் அதைத் தொலைத்துவிட்டு அனுப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு, பாருங்கள்.


மேமியோ குளிர்:

எங்கள் பக்கம் நேர் எதிர்ப் பிரச்சினை. மேமியோ ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே, காற்று கீழே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு குறைவு. மாண்டலேயில் டியூன் செய்த வண்டி மேலே ஏறியதும் பெட்ரோல் அதிகமாகித் திணறும், பிளக் கறுக்கும். இங்கே எல்லோரும் வந்ததும் மிக்சர் ஸ்க்ரூவைக் குறைத்துக்கொள்வார்கள், இறங்கும்போது மறுபடி கூட்டாமல் இறங்கிவிட்டால் கீழே போய் இந்தத் தம்பியின் வண்டி மாதிரி காலையில் அணைந்து அணைந்து உயிரை வாங்கும். செகண்ட் ஹேண்ட் வண்டியாக இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஷான் மலைப் பக்கம் ஓடிய வண்டியில் சின்ன ஜெட் போட்டு வைத்திருப்பார்கள், அதைக் கடலோரத்தில் கொண்டு வந்து ஓட்டினால் என்ன டியூன் செய்தாலும் நிற்காது.

மழையில் ஏர் பில்டரும் ஒரு காரணமாகும். காகித பில்டர் நனைந்தால் காற்று போகாது. ஆனால் அது சோக் போட்டதற்குச் சமம், இவர் சொல்வதற்கு எதிர். அதனால் இங்கே அது இல்லை.


ரங்கூன் இருட்டு:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். மோட்டார் சைக்கிளே ஓட்டக் கூடாத ஊரில் இருக்கிறேன், 2003-இலிருந்து தடை, அதனால் வண்டிக் கேள்வி இல்லை. ஜெனரேட்டர் கேள்வி. கரண்ட் போனதும் போட்டால் இரைச்சல் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது, பல்பும் அதே தாளத்தில் மங்கிப் பிரகாசிக்கிறது. சோக்கைப் பாதி போட்டால் நின்றுவிடுகிறது, அதாவது ஏறி இறங்குவது நின்று சீராக ஓடுகிறது. ஃபிரிட்ஜையும் ஃபேனையும் போட்டு லோடு ஏற்றினாலும் ஓரளவு சீராகிவிடும். இதுவும் இதே வியாதியா?


பெகு பட்டறை:

இதே வியாதிதான் ஐயா, நீங்களே சோக் போட்டுப் பார்த்துவிட்டீர்கள். ஜெனரேட்டரில் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது, வேகம் குறைந்தால் அதுவே ஆக்ஸிலேட்டரைத் திறக்கும், கூடினால் மூடும். லோடு இல்லாதபோது ஸ்லோ ஜெட் வழியாகத்தான் பெட்ரோல். அது அடைத்திருந்தால் இன்ஜின் தளரும், கவர்னர் திறக்கும், பெரிய ஜெட் வந்து வேகம் தூக்கும், கவர்னர் மூடும், மறுபடி தளரும். லோடு ஏற்றினால் சரியாவதும் அதனால்தான், ஆக்ஸிலேட்டர் திறந்தே நிற்கிறது. கவர்னர் ஸ்பிரிங்கை யாராவது தொட்டு வளைக்க வந்தால் விடாதீர்கள், வேகம் மாறினால் கரண்டின் வோல்டேஜும் மாறும், வீட்டுச் சாமான் போகும்.

சாதாரணமாகக் கடையில் விற்கிற 2, 3 கிலோவாட் ஜெனரேட்டர் என்றால் பெரும்பாலும் கார்ப்பரேட்டர் மேலே ஐட்லிங் ஸ்க்ரூ ஒன்று இருக்கும், எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு கழற்றுங்கள். அதற்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன ஜெட் செருகியிருக்கும். திருகு இல்லை, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்பினால் வரும். நுனியில் துளை, செம்பு இழையால் திறந்து ஊதி மாட்டுங்கள். இன்ஜின் ஆறின பிறகு செய்யுங்கள், வெளியில் வைத்துச் செய்யுங்கள். அப்புறம் ஜெனரேட்டரை அணைக்கும்போது சுவிட்சால் அணைக்காமல் பெட்ரோல் குழாயை மூடிவிட்டுத் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் தேங்கிக் கிடந்தால் கோந்து மாதிரி ஆகிவிடும்.


சால்வின் கரை (மோல்மேன்):

எல்லோருக்கும் நன்றி. அண்ணே, நீங்கள் சொன்னபடி கிளாஸில் வடித்தேன். அடியில் உருண்டைகள் ஓடின, பெரியதாகவே இருந்தன, விரலால் தொட்டுப் பார்த்தேன், தண்ணீரேதான், அதற்குள் துருத் தூள் கொஞ்சம். பெட்ரோல் பாட்டிலில்தான் போடுகிறேன், எங்கள் தெருவிலிருந்து பங்க் தூரம்.

பிறகு கார்ப்பரேட்டரை இறக்கி முழுக்கப் பிரித்தேன். கிண்ணத்தின் அடியில் மாண்டலே அக்கா சொன்ன வெள்ளைப் பொடி ஒரு மூலையில் கெட்டியாகவே இருந்தது. ஸ்லோ ஜெட்டைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சமே தெரியவில்லை, பிறையும் இல்லை ஒன்றும் இல்லை. செம்பு இழையை விட்டு எடுத்ததும் பச்சையாக ஏதோ வந்தது. ஸ்பிரே அடித்து, சைக்கிள் கடையில் காற்றும் பிடித்தேன். இப்போது ஒழுங்காக வட்டமாகத் தெரிகிறது. மிக்சர் ஸ்க்ரூ நுனியில் ஓ-ரிங் இருந்தது, ஆனால் அறுந்து பாதிதான் இருந்தது, கிட் வாங்கிப் புதுசு போட்டேன். டேங்கை முழுக்க வடித்து, அடியில் இருக்கிற பெட்ரோல் குழாயின் வலையையும் கழுவினேன்.

இப்போது நிலைமை: காலையில் சோக்கை எடுத்த பிறகும் ஓடுகிறது, அணையவில்லை. ஐட்லிங் ஸ்க்ரூவையும் இறக்கிவிட்டேன், கியர் போட்டால் குதிப்பதில்லை. சைலன்சர் வெடிப்பும் குறைந்துவிட்டது. ஆனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டால் இரைச்சல் உடனே இறங்குவதில்லை, கொஞ்சம் தொங்கிவிட்டுத்தான் இறங்குகிறது. நன்றாகச் சூடான பிறகு சில சமயம் ஐட்லிங் தளர்ந்து உதறுகிறது. மிக்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்று வைக்க வேண்டும்? என்னுடையது கார்ப்பரேட்டரின் இன்ஜின் பக்கத்தில் இருக்கிறது.


சும்மா வந்தவன்:

உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இரைச்சல் தொங்கினால் இன்னும் உள்ளே திருகுங்கள்.


பெகு பட்டறை:

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. இரண்டு வகை இருக்கிறது. ஸ்க்ரூ ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைத் திறக்கிற ஸ்க்ரூ, உள்ளே திருகினால் காற்று குறையும், பெட்ரோல் கூடினது போல் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவையையே விடுகிற ஸ்க்ரூ, வெளியே திருகினால்தான் பெட்ரோல் கூடும், உள்ளே திருகினால் குறையும். தம்பியுடையது இன்ஜின் பக்கம், நுனியில் ஓ-ரிங் வேறு இருக்கிறது, சந்தேகமே இல்லை. நீங்கள் சொன்னபடி உள்ளே திருகினால் மறுபடி காலையில் அணையும்.

தம்பி, இறுக்கிவிடாமல் மெதுவாக அடி தொடும் வரை உள்ளே விடு, அங்கிருந்து ஒன்றரை சுற்று வெளியே எடு. வண்டியை நன்றாகச் சூடாக்கு, ஒரு ரவுண்டு போய் வா. பிறகு கால் சுற்று கால் சுற்றாக வெளியே எடுத்துக்கொண்டே போ, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காத்திருந்து காது கொடுத்துக் கேள். இரைச்சல் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் அதற்கு மேல் ஏறாது, அதைத் தாண்டினால் கனத்துத் திணறும். ஏறி நின்ற இடம்தான் உன் இடம். அப்போது ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்கு. இந்த மாதிரி சின்ன வண்டிகளுக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று சுமாராகச் சரி. மீட்டர் இல்லை என்றால் நடு ஸ்டாண்டில் போட்டு முதல் கியர் போடு. பின் சக்கரம் லேசாக அசைந்தால் பரவாயில்லை, பிரேக் தொட்டதும் நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு சுற்றினால் ஐட்லிங் அதிகம்.

ஸ்க்ரூவைத் திருகியும் இரைச்சலில் மாற்றமே இல்லை என்றால் ஸ்லோ வழி இன்னும் எங்கோ அடைப்பு. மூன்று சுற்றுக்கு மேல் எடுத்தால்தான் ஐட்லிங் நிலைக்கிறது என்றால் ஜெட் சின்னது, மேமியோக்காரர் சொன்னது போல. அரைச் சுற்றிலேயே ஐட்லிங் நிலைத்துவிட்டால் பெட்ரோல் எங்கிருந்தோ அதிகம் வருகிறது, ஃப்ளோட் ஊசியைப் பார்.

இரைச்சல் தொங்குவதற்கு எனக்கு முதல் சந்தேகம் காற்றுக் கசிவு. கார்ப்பரேட்டரும் இன்ஜினும் சேருகிற இடத்தில் கறுப்பாகத் தடிப்பாக ஒரு கட்டை இருக்கும், அதன் இரண்டு பக்கமும் ஓ-ரிங். நீ கழற்றி மாட்டினாய் அல்லவா, பழைய ஓ-ரிங் சப்பையாகியிருந்தால் திரும்ப உட்காராது. சிலர் கசியும் என்று போல்ட்டை முறுக்கி முறுக்கி அலுமினிய விளிம்பையே வளைத்துவிடுகிறார்கள், நடுவில் இடைவெளி விழும். கண்ணாடித் துண்டின் மேல் விளிம்பை வைத்துப் பார், ஆடினால் கண்ணாடி மேல் மெல்லிய உப்புத்தாளைப் போட்டு சமமாகத் தேய்த்து எடு.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெட்ரோல் தெளிக்கிற பழக்கம் பல பட்டறையில் இருக்கிறது. வேண்டாம். சூடான சைலன்சர் பக்கத்தில் அது வேலை இல்லை. செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே பாட்டில் போதும், வண்டியை ஐட்லிங்கில் விட்டு அந்தச் சேர்மானத்தைச் சுற்றி அடி. இரைச்சல் மாறினால், ஒரு நொடி விக்கினால், அங்கேதான் கசிவு. அதற்கு முன்னால் ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடி, வலது பக்கம் ஒடி, இரைச்சல் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகி இருக்கிறது, அதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். இது காசு இல்லாத வேலை, அதனால் முதலில் செய்.

சூடானதும் உதறுகிறது என்றாயே, அது கார்ப்பரேட்டர் வேலை இல்லை என்று படுகிறது. டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்குகிற ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று? வால்வு தேயத் தேய இடைவெளி குறையும், சூட்டில் வால்வு நீளும், முழுக்க மூடாது, ஐட்லிங்கில் கம்ப்ரஷன் கசியும், வேகத்தில் தெரியாது. இந்த வகை இன்ஜினில் இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர் வைப்பது வழக்கம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ராத்திரி முழுக்க நின்ற வண்டியாக இருந்தால் நல்லது. மேக்னட் கவரில் உள்ள மூடியைத் திறந்து உள்ளே சுற்றுகிற சக்கரத்தில் உள்ள டி குறியைக் கோட்டுக்கு நேரே கொண்டு வா, இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஒன்று கெட்டியாக இருந்தால் வேறு ஸ்ட்ரோக்கில் நிற்கிறது, இன்னொரு முழுச் சுற்று சுற்று. இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இல்லாமல் கண் அளவில் வைக்காதே. சத்தம் வருகிறது என்று டாப்பெட்டை இறுக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் டக் டக் சத்தம் வரும் டாப்பெட் நல்ல டாப்பெட்.


மாண்டலே பார்ட்ஸ் கடை:

கட்டையின் ஓ-ரிங்குக்குச் சாதா ரப்பர் ஓ-ரிங்கை அளவு பார்த்துப் போடாதீர்கள், தண்ணீர்க் குழாய்க்கு விற்கிறதெல்லாம் பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும். பெட்ரோல் தாங்குகிற ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். சிலிகான் கம் தடவி ஒட்டுகிறவர்களும் உண்டு, அது பெட்ரோலில் நாராக உரிந்து உள்ளே போகும்.


ரங்கூன் இருட்டு:

ஜெட் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. இழை விட்டதும் சரி. இப்போது பல்பு ஒரே மாதிரி எரிகிறது. எனக்கு எதிர் வீட்டு ஜெனரேட்டர் மட்டும் பாக்கி, அதுவும் ஏறி இறங்குகிறது, அவர் கேட்டால் செய்து கொடுப்பேன், கேட்காமல் போய்ச் சொன்னால் சண்டைக்கு வருகிற ஆள்.


சால்வின் கரை (மோல்மேன்):

கேபிள் சரியாக இருந்தது. தண்ணீர் அடித்ததும் இன்ஜின் பக்கத்துச் சேர்மானத்தில் அடிப்பக்கமாக இரைச்சல் விக்கியது. கழற்றினால் ஓ-ரிங் தட்டையாக, ஒரு இடத்தில் வெடிப்போடு. விளிம்பு வளையவில்லை, கண்ணாடியில் ஆடாமல் உட்கார்ந்தது. இரண்டு ஓ-ரிங்கும் மாற்றியதும் இரைச்சல் தொங்குவது நின்றுவிட்டது. மிக்சர் ஸ்க்ரூ ஒன்றே முக்கால் சுற்றில் நிற்கிறது.

டாப்பெட் பார்த்தேன். உள்ளே வாங்குகிற வால்வு சரியாக இருந்தது. சைலன்சர் பக்கத்து வால்வில் 0.05 நுழையவே இல்லை, மெல்லிய தகடுகூட இறுக்கமாகத்தான் போனது. தளர்த்தி வைத்தேன். மத்தியான வெயிலில் முடோன் வரைக்கும் போய் வந்தேன், மார்க்கெட் முனையில் நிறுத்தினேன், நின்றபடி ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணே, இனி பெட்ரோலுக்கு என்ன செய்வது? பாட்டிலை விட முடியாது, பங்க்கில் சில நாள் வரிசை தெருக்கோடி வரைக்கும் நிற்கிறது.


பெகு பட்டறை:

பாட்டிலை வாங்கு, உடனே ஊற்றாதே. ஊற்றும் முன்னால் வெளிச்சத்தில் தூக்கிப் பார், அடியில் கோடு தெரிந்தால் வேறு கடை. வீட்டில் காய்ந்த புனல் ஒன்று உன்னுடையதாக வைத்துக்கொள், கடைக்காரன் புனலைத் தொடாதே, பாட்டிலின் கடைசி இரண்டு விரல் அளவை டேங்கில் ஊற்றாமல் விட்டுவிடு. டேங்க் மூடி ரப்பர் வெடித்திருந்தால் மாற்று, மழை அது வழியாகவும் இறங்கும். டேங்கைக் காலியாக விட்டு நிறுத்தாதே, உள்ளே வியர்த்து அதுவும் தண்ணீராகும். மழை முடிகிற வரைக்கும் வாரம் ஒரு தடவை அந்த வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி கிளாஸில் கொஞ்சம் வடித்துப் பார்த்துக்கொள்.